பாப்-அப் நிழல் டென்ட்: பல கோடைகள் கழித்து

உடைந்த கம்பியைச் சரிசெய்து டென்ட் மறுபடி வீட்டுக்கு வந்துவிட்டது. வந்த வாரத்திலேயே, இதே மாதிரி டென்ட் விலை குறைந்திருப்பதைப் பார்த்த தோழி, "நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று கேட்டாள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமாக எனக்கு அது தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீளம், அகலம், எடை, எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கும். மூன்று பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருக்கிற, ஸ்பிரிங் கம்பி வளையங்களால் தானே எழுந்து நிற்கிற வகை இது. பையிலிருந்து எடுத்துத் தள்ளிப் போட்டால் தரையைத் தொடுவதற்குள் நின்றுவிடும். அந்த ஒரு நொடியைப் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

இது வருவதற்கு முன்னால் எங்கள் கோடைப் பயணங்கள் எல்லாமே அரைநாள்தான். வெயில் ஏறினால் சின்னவன் அழுவான், பெரியவளுக்கு முகம் சிவந்துவிடும். அத்தை, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்லயே இருக்கேன்" என்று சொல்லிவிடுவார். நடக்க முடியாமல் இல்லை, உட்கார நிழல் இருக்காதே என்ற கவலை. டென்ட் வந்த பிறகு, பையைத் தூக்குவதற்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது அவர்தான். தண்ணீரில் ஆடுகிறவர்கள் ஆடட்டும், தூங்குகிறவர்கள் தூங்கட்டும் என்று ஒரே இடத்தில் இரண்டு விதமாகப் பொழுது போக்க முடிகிறது. சின்னவன் மதியத் தூக்கத்தை உள்ளேயே முடித்துக்கொள்கிறான். ஈரத் துணி மாற்ற மறைவிடம் தேட வேண்டியதில்லை. பைகளுக்குக் காவலாக ஒருவர் வெயிலில் காய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் கப்பல், ஒரு நாள் மருத்துவமனை. பட்டம் விட்டுக் களைத்து வருகிறவர் படுத்துப் புத்தகம் படிக்கலாம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது என்ற பழக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தது இந்த டென்ட்டால்தான். இதை அழுத்திச் சொல்லிவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும்.

நிழலைப் பற்றி ஒன்று. உடம்புக்குத் தெரிகிற சூடு வேறு, தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் வேறு. காற்று குளுகுளுவென்று அடிக்கிற நாளில்தான் பிள்ளைகள் அதிகம் கருகுகிறார்கள், ஏனென்றால் யாருக்கும் வெயில் உறைப்பதில்லை. இந்தக் கதிரின் வலுவை எண்ணாகச் சொல்கிற, 1992-ல் கனடா நாள்தோறும் முன்னறிவிக்கத் தொடங்கிய யூவி குறியீட்டை இப்போது பெரும்பாலான வானிலைச் செயலிகள் காட்டுகின்றன. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 3-லிருந்தே பாதுகாப்புத் தேவை, 8-ஐத் தொட்டால் கூடுதல் கவனம் வேண்டும். செயலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது பிள்ளைகளை நிழலுக்குள் கூப்பிடுகிற நேரம்.

எங்கள் டென்ட் துணியில் யூபிஎஃப் 50 என்று போட்டிருக்கிறது. துணியின் மேல் விழுகிற புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான், உள்ளே நுழையும் என்று அதற்கு அர்த்தம். துணிக்கு இப்படித் தர அளவை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996-ல் கொண்டுவந்தன. நல்ல துணிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் துணிக்கு மட்டும்தான் பொருந்தும். திறந்த பக்கத்துக்கு எந்த எண்ணும் கிடையாது. புற ஊதாக் கதிர் சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை, வானம் முழுக்கச் சிதறியும் வருகிறது. உலர்ந்த மணல் அதில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், கடல் நுரை சுமார் 25 சதவீதம், புல்தரை 10-க்கும் குறைவு. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: குழந்தையின் தலை இருக்கிற இடத்தில் நாமே படுத்துப் பார்ப்பது. அங்கிருந்து எவ்வளவு குறைவாக வானம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. சூரியன் நகர நகர டென்ட்டையும் திருப்பி வைக்க வேண்டும். இவ்வளவு லேசான பொருள் என்பதால் இரண்டு பேர் தூக்கித் திருப்புவது சுலபம். பின்பக்கத்து வலை ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்றும் ஊடுருவிப் போகும், திறக்காவிட்டால் உள்ளே புழுங்கிவிடும். ஜன்னல் இல்லாத மாடலை யாரும் வாங்கவே வேண்டாம்.

சரி, இப்போது மடிப்பது.

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் குறையாத ஒரே விஷயம் இதுதான். மடிக்கும் முறையைப் படம் போட்டு ஒரு துண்டுத் துணியில் அச்சடித்து, அதைப் பையின் உட்புறத்தில் தைத்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் திமிறுகிற டென்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பையின் உள்ளே எப்படிப் பார்ப்பது? முதல் படத்தில் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள், அது புரிகிறது. இரண்டாவதில் அதை நிமிர்த்திப் பிடிக்கிறார்கள், அதுவும் புரிகிறது. மூன்றாவது படத்தில் ஒரு வளைந்த அம்பு. நான்காவது படத்தில் எல்லாம் சுருண்டு வட்டமாகத் தரையில் கிடக்கிறது. எந்தக் கை மேலே போகிறது, எந்தக் கை அடியில் நுழைகிறது, எந்தப் பக்கம் எதன்மேல் ஏறுகிறது என்ற எல்லாம் அந்த ஒரு அம்புக்குள் மறைந்திருக்கிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். மூடிய கம்பி வளையத்தைச் சுருட்டுவதற்கென்று ஒரு வடிவியல் இருக்கிறது. அது முதலில் குதிரைச் சேணத்தைப் போல வளைந்து, பிறகு தன்மேல் தானே ஏறி, மூன்று சின்னச் சுருள்களாக அடங்கும். நேராக இரண்டாக மடக்க நினைத்தால் முடியாது, கம்பி எதிர்த்து நிற்கும். 2012-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் இந்த மாதிரி வளையங்களைப் பற்றியே ஓர் ஆய்வு வந்தது, பாப்-அப் டென்ட்டையும் அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு புழக்கத்தில் இருந்தும் இவற்றின் வடிவமைப்பு கணக்கைவிடக் கைப்பழக்கத்தில்தான் நடக்கிறது என்பது அவர்கள் கவனித்த விஷயம். ஆக, மடிப்பது கஷ்டம் என்பதற்குத் தயாரிப்பாளரை மட்டும் திட்ட முடியாது. ஆனால் கஷ்டம் என்று தெரிந்த பிறகும் ஒரு அம்பு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டதற்குத் திட்டலாம்.

உண்மையில் வேலை இப்படி நடக்கிறது. வளையங்களைச் சேர்த்து விளிம்பு தரையில் பட நிறுத்த வேண்டும். மேல் விளிம்பைப் பிடித்து, இழுக்காமல் நேர்கீழாகத் தரையை நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தும்போது இரண்டு பக்கங்களும் தாமாகவே உள்ளே திரும்பும். அந்தத் திருப்பத்தைத் தடுக்காமல், ஒரு பக்கம் மற்றதன்மேல் ஏற வழிவிட வேண்டும். ஏறியதும் வளையம் சட்டென்று அடங்கிவிடும். அந்தக் கணமே பட்டையைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், கை நழுவினால் முகத்தில் அறையும். பலம் தேவையில்லை, கம்பி போக நினைக்கிற பக்கம் விட்டுக்கொடுத்தால் போதும். இந்த ஆறேழு வரியைத் துணியில் அச்சடிக்க அவர்களுக்கு என்ன தடை?

அப்புறம் அந்தப் பை. சுருட்டிய வட்டம் எவ்வளவு அகலமோ, பையும் அவ்வளவே அகலம். ஒரு விரல் அளவுகூட விட்டுத் தைக்கவில்லை. புது டென்ட், காய்ந்த துணி, மணல் இல்லாத தரை, காற்றில்லாத அறை, இத்தனையும் சேர்ந்தால் உள்ளே போகும். நாம் மடிக்கிற நேரமோ மாலை. நிலம் நீரைவிடச் சீக்கிரம் சூடாவதால் அதன்மேல் இருக்கிற காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அது நன்றாக வலுத்து அடிப்பது பிற்பகலில்தான். பிள்ளைகள் களைத்து, துணி ஈரமாகி, மணல் ஒட்டியிருக்கிற அதே நேரத்தில் காற்றும் உச்சத்தில் இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியை அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கென்றே விற்கிற பொருளுக்கு, இரண்டு அங்குலம் அகலமான பை கொடுத்திருக்கக் கூடாதா?

இந்தக் கோபம் வெறும் சௌகரியத்தைப் பற்றியது இல்லை. வெளியே போய் வந்த ஒரு நாளில் கடைசிப் பத்து நிமிடம் எப்படிப் போகிறது என்பது பிள்ளைகள் மனதில் நன்றாகத் தங்குகிறது. பகல் முழுக்கச் சிரித்த வீடு, கிளம்பும் நேரத்தில் ஒருவரையொருவர் கடிந்துகொண்டு, அத்தை தள்ளி நின்று மெதுவாக "விடுங்கப்பா, அப்படியே தூக்கிட்டுப் போயிடலாம்" என்று சொல்லி, யாரும் பேசாமல் வண்டியில் ஏறுகிறோம். இந்தக் காட்சி எங்கள் வீட்டில் பலமுறை நடந்துவிட்டது. பல நாள் சுருட்டியும் சுருட்டாமலும் பின் இருக்கையில் திணித்து வந்திருக்கிறோம், அதற்கு நடுவில் பிள்ளைகள் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்கள்.

உடைந்ததும் மடிப்பில்தான். வளையத்தின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கி இணைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அந்தக் குழாயின் ஓரத்தில்தான் கம்பி கூர்மையாக வளைகிறது. அங்கே உப்பீரம் பட்டுத் துரு ஏறி, ஒரு நாள் மடிக்கும்போது விட்டுப்போய், கம்பி முனை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் பிள்ளைகள் யாரும் நிற்கவில்லை. விற்ற இடத்தில் கேட்டால், உதிரி பாகம் கிடையாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சைக்கிள் பழுது பார்க்கிற ஒருவர்தான் துருப்பிடித்த முனைகளை வெட்டிவிட்டு, வேறு குழாய் போட்டு இறுக்கிக் கொடுத்தார். கிழிசலுக்கு மேல் தையல்காரர் தடித்த துணி வைத்துத் தைத்தார். கம்பி கொஞ்சம் குட்டையானதில் டென்ட் இப்போது ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதனால் நிழலுக்கு ஒரு குறையும் இல்லை.

கூடக் கொடுத்த முளைகள் மணலில் நிற்காது. மூலைப் பைகளில் மணலை நிரப்பினால் நிற்கும்.

ஆகவே தோழிக்கு என் பதில்: வாங்காதே. பத்துக்கு நான்குதான் கொடுப்பேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு நான்கா என்று நீ கேட்கலாம். புகழ்ந்தது அத்தனையும் நிழலுக்கு உரியது, கழி நட்டுத் துணி கட்டினாலும் அதே நிழல் கிடைக்கும். மணல் மூட்டைகளால் இழுத்துக் கட்டி, இரண்டு கழிகளை நடுவில் கொடுத்து நிறுத்துகிற விரிப்புகள் இருக்கின்றன. நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும், மூன்று பக்க மறைப்பும் கிடைக்காது. ஆனால் கழிகளை உருவிவிட்டால் அது வெறும் துணி, எந்தக் காற்றிலும் எந்தப் பிள்ளையும் சுருட்டிவிடும்.

எங்களுடையதைத் தூக்கிப் போடப் போவதில்லை. அத்தைக்கு அந்தச் சாய்ந்த டென்ட்தான் பிடித்திருக்கிறது, துணி நைந்துபோகும்வரை அது எங்களோடு வரும். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் உப்பை அலசி, உள்ளே ஈரம் இல்லாமல் காயவைத்துத்தான் இனிமேல் வைக்கப் போகிறோம். பையையும் தையல்காரரிடம் கொடுத்து அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த விலைக்காக வாங்கத்தான் போகிறாய் என்றால், கடையில் விரித்துக் காட்டச் சொல்லாதே, அதை எல்லாரும் காட்டுவார்கள். மடித்துக் காட்டச் சொல். பிறகு நீயும் ஒருமுறை மடித்து, அந்தப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துப் பார். அதற்கப்புறம் பணம் கொடு.