செம்பு என்று விற்ற வயர்: 5,850 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

5,850 ரூபாய். வயருக்கு 3,600, காயிலை மூடி இறுகவைக்கும் ரெசின், கண்ணாடி இழைப் பாய் வகையறாவுக்கு 2,250. எல்லாம் ஒரே கட்டியாக இறுகி மேசை மேல் கிடக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வயரைச் சோதிக்கும் முறையைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

செய்தது 48 வோல்ட் பேட்டரிக்கான சின்னக் காற்றாலை ஆல்டர்னேட்டர், அதாவது மின்சாரம் உண்டாக்கும் பகுதி. இரண்டு இரும்புத் தட்டு, தட்டுக்கு 12 நியோடிமியம் காந்தம், நடுவில் 9 காயில் ஸ்டேட்டர் (சுழலாமல் நிற்கும் பகுதி). காயிலுக்கு 80 சுற்று, 17 கேஜ் (1.42 மி.மீ.) சூப்பர் எனாமல் (மின்காப்புப் பூச்சு) செம்பு வயர். சுற்றுக்கு 28 செ.மீ. என்றால் மொத்தம் சுமார் 200 மீட்டர், செம்பில் அது 2.9 கிலோ. 3 கிலோ பாபினை (வயர் சுற்றிய உருளை) ஓர் இணையச் சந்தையில் கடை போட்டிருக்கும் விற்பனையாளரிடம் வாங்கினேன்.

நம்பவைத்தது அவர் பேச்சு. "எத்தனை போல் சார்? ஸ்டாரா, டெல்டாவா?" என்று காந்தத் துருவக் கணக்கையும் காயில் இணைப்பு முறையையும் அவரே கேட்டார். கேஜைச் சொன்னதும் மி.மீ. அளவைச் சட்டென்று சொன்னார். வேலை தெரிந்தவர் பேசுகிற மாதிரியே இருந்தது. "நூறு பர்சன்ட் காப்பர், பில்லுலயே போட்டுத் தரேன்" என்றார். போட்டும் தந்தார்.

9 காயிலும் சுற்றி முடித்தபோது பாபினில் பாதிக்கு மேல் மிச்சம். அங்கேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். செம்பாக இருந்தால் சில மீட்டர்தான் மிஞ்சும்.

ரெசின் இறுகிய பிறகு ஒரு ஃபேஸில் (ஒன்பதில் மூன்று காயில் சேர்ந்த தொடர்) 1 ஆம்பியர் விட்டு அளந்தால் 1.16 வோல்ட். 67 மீட்டர் செம்புக்கு 0.73தான் வர வேண்டும். வெளியே நீட்டியிருந்த முனையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே மெல்லிய செம்புத் தோல், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். சால்டர் அந்த வெள்ளையில் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு விழுகிறது.

இதை அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? பேட்டரிக்கு 10 ஆம்பியர் போகும்போது செம்பு ஸ்டேட்டரில் சுமார் 146 வாட் சூடாக வீணாகும், இதில் 232 வாட். ரெசினுக்குள் அடைபட்ட காயிலுக்கு ஆற வழி குறைவு. ஆடிக் காற்றில் எனாமல் கருகி ஷார்ட் ஆகிவிடும். செம்பு பூசிய அலுமினியத்துக்கும் வேலை உண்டு, ஸ்பீக்கர் காயிலுக்குப் போடுகிறார்கள். அதைச் செம்பு என்று சொல்லி, செம்பு விலைக்கு விற்பதுதான் அயோக்கியத்தனம்.

விற்றவரிடம் கேட்டால், முதலில் "மீட்டர் தப்பு சார்". சுரண்டிய முனையைப் படம் எடுத்து அனுப்பினேன். "சீல் பிரிச்ச பாபினை எடுக்க மாட்டோம்." அதற்குப் பிறகு போனே எடுப்பதில்லை. சந்தையின் உதவிப் பிரிவோ, 7 நாள் கெடு முடிந்தது என்று ஒரே பதிலை மூன்று தடவை அனுப்பியது. சுற்றி, ரெசின் ஊற்றி இறுகவே 12 நாள் ஆகிறது. 7 நாளில் எப்படித் தெரியும்? 5,850 ரூபாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

விவரமாக எழுதப் பொறுமையில்லை. பாபின் வந்த அன்றே முனையைச் சுரண்டிப் பாருங்கள். முதல் காயிலை எடை போடுங்கள்: இந்த அளவுக்குச் செம்பில் 320 கிராம், என்னுடையது 120தான். ரெசின் ஊற்றும் முன் 1 ஆம்பியர் விட்டு அளந்துவிடுங்கள். மோட்டார் வைண்டிங் கடைக்காரர் வாங்கும் இடத்தில், கண்ணெதிரே எடை போட்டு வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். 'காப்பர் 100%' என்று போட்ட பில் பத்திரமாக இருக்கிறது.