குளூட்டனும் பாலும் இல்லாத பழ ரொட்டி: கடைக் கலவையா, வட்டயப்ப மாவா, இசப்கோலா?

என் மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது உறுதியான வாரத்திலேயே, எங்கள் வீட்டு மாலைத் தேநீரோடு வரும் பழ ரொட்டி நின்றுபோனது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவளுக்கு ஆகாது. கூடவே பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுகுடலின் உட்சுவர் புண்பட்டிருக்கும் காலத்தில் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும் என்றும், குடல் ஆறிய பின் பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்ளும் என்றும் மருத்துவர் விளக்கினார். அதுவரை இரண்டும் இல்லாத ரொட்டி வேண்டும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பேக்கரிகளுக்குக் குறைவில்லை என்றாலும், மைதா பறக்கும் கூடத்தில் செய்த எதையும் அவளுக்குக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே வீட்டிலேயே மூன்று வழிகளில் செய்து பார்த்து, கடைசியில் இசப்கோல் என்ற விதை உமி சேர்த்த அரிசி மாவு ரொட்டியில் வந்து நின்றிருக்கிறேன்.

முதல் வழி, குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் ஆயத்த மாவுக் கலவை. தண்ணீரும் ஈஸ்ட்டும் எண்ணெயும் சேர்த்தால் போதும், தவறுவதற்கு இடம் குறைவு. பெரும்பாலும் சாந்தன் கம் என்ற பசைதான் மாவைப் பிடித்து நிறுத்துகிறது. பொட்டலத்தில் அது 415 என்ற எண்ணாகவும் இருக்கும். இந்திய விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் அந்தப் பக்கம் நிம்மதி உண்டு. ஆனால் குளூட்டன் இல்லை என்பதற்குப் பால் இல்லை என்று பொருளில்லை. நான் வாங்கிய முதல் பொட்டலத்திலேயே பால் பொடி இருந்தது, அதை அடுக்களைக்கு வந்த பிறகுதான் படித்தேன். ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியே சொல்லும் வரியை வாங்கும்போதே படித்துவிட வேண்டும். ஒரு ரொட்டிக்கு ஆகும் செலவும் மற்ற இரண்டைவிடப் பல மடங்கு. இதை நான் மூன்று முறைதான் செய்தேன் என்பதால், வேறு கலவைகள் இதைவிடச் சிறப்பாக இருக்கவும் கூடும்.

இரண்டாவது, நம் வட்டயப்ப மாவையே பழ ரொட்டியாக்குவது. பச்சரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, தேங்காயோடு அரைத்து, கொஞ்சம் மாவைக் கப்பியாக, அதாவது நீர் சேர்த்துக் கூழாகக் காய்ச்சி ஊற்றி, ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவிட்டு, திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் தூவி அவித்தெடுப்பது. இதில் குளூட்டனும் இல்லை, பாலும் இல்லை. நம் பாட்டிமார் எந்த நோயின் பெயரும் தெரியாமலே செய்துவந்த பண்டம். கப்பி காய்ச்சுவதன் அருமையை இந்த ஒன்றரை ஆண்டில்தான் நான் உணர்ந்தேன். கோதுமை மாவில் குளூட்டன் வலைபோல விரிந்து ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. அரிசியில் அந்த வலை கிடையாது. வெந்து கூழான கப்பிதான் அந்த இடத்தில் நின்று, பச்சை மாவுக்கு ஒரு பிடிப்பைக் கொடுக்கிறது. சூடாகச் சாப்பிட இதற்கு இணை எதுவும் இல்லை. எனினும் பழங்கள் அடியில் தங்கிவிடும், துண்டுபோட்டு நடுவில் எதையும் வைத்துச் சாப்பிட வராது, ஓவனில் சுட்டால் மேல்புறம் வெடித்து வறண்டுவிடும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். முடிவைத் தீர்மானித்தது மறுநாள்தான். முதல் தட்டை எடுத்த அன்று என் மாமியார் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “சூடா தின்ன நல்லாத்தான் இருக்கு மக்களே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதைக் கொடுத்து விடுவ?” என்று கேட்டார். மறுநாள் காலையில் அந்த வட்டயப்பம் விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை, ஓரங்கள் உதிர்ந்தன. தினமும் ரொட்டி சுட முடியாத வீட்டில் கேள்வி அதுவே: இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் துண்டு எப்படி இருக்கும்?

புட்டும் இடியாப்பமும் மறுநாள் விறைப்பதை நாம் எல்லாரும் அறிவோம். நீர் வற்றிப்போனதே காரணம் என்று நான் நினைத்திருந்தேன், அது பாதிதான் உண்மை. வேகும்போது மாவுச்சத்து நீரை உறிஞ்சி இளகுகிறது; ஆறும்போது அதன் ஒரு கூறான அமிலோஸ் சில மணி நேரத்திலேயே மீண்டும் இறுகிக்கொள்ள, மற்றொரு கூறான அமிலோபெக்டின் அடுத்த சில நாள்களில் மெல்ல இறுகுகிறது; இறுக இறுகப் பிடித்திருந்த நீரை வெளியே விடுகிறது. நன்றாக மூடி வைத்தாலும் இது நிற்காது. குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டுக் குளிரில் இன்னும் வேகமாக நடக்கிறது. பழைய சோறு பெட்டிக்குள் பருக்கை பருக்கையாக விறைப்பதற்கும் காரணம் இதுதான். ஆனால் உறைபெட்டியில் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது, திரும்பச் சூடாக்கினால் இறுகியதில் பெரும்பகுதி இளகியும் விடுகிறது.

மூன்றாவது வழியான இசப்கோல் இங்கேதான் வெல்கிறது. மருந்துக் கடையில் வயிற்றுக்கென்று வாங்கும் அதே உமிதான். சுவையும் சர்க்கரையும் சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். நீரில் போட்ட சில நிமிடங்களில் அது கெட்டியான கூழாகிவிடும். அந்தக் கூழ் காற்றையும் பிடித்து வைக்கிறது, மாவுச்சத்து வெளியே விடும் நீரையும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கப்பி செய்யும் வேலையையே இது செய்கிறது, ஆனால் கப்பி ஒரு நாளில் விறைத்துவிடும், இது விறைப்பதில்லை. மூன்று ரொட்டிகளையும் ஒரே நாளில் செய்து, துணியில் சுற்றி டப்பாவில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் வட்டயப்பம் கெட்டியாகியிருந்தது. கடைக் கலவை ரொட்டி வெட்டும்போது பொடிந்தது. இசப்கோல் ரொட்டி வளைத்தால் வளைந்தது. மூன்றாம் நாள் அதையும் தோசைக்கல்லில் சூடாக்கித்தான் கொடுத்தேன், என்றாலும் உதிரவில்லை.

ஒரு ரொட்டிக்கு நான் எடுக்கும் அளவு இது. 18 கிராம் இசப்கோலை 220 மில்லி வெதுவெதுப்பான நீரில் கலந்து ஐந்து நிமிடம் வைக்கிறேன். 40 கிராம் கருப்பட்டியை அந்த நீரிலேயே முன்கூட்டிக் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டிருப்பேன், ஏனெனில் சூடு மிகுந்தால் ஈஸ்ட் செத்துவிடும். 150 கிராம் அரிசி மாவு, 100 கிராம் மரச்சீனி (மரவள்ளி) ஸ்டார்ச், 6 கிராம் உலர் ஈஸ்ட், 5 கிராம் உப்பு ஆகியவற்றைக் கலந்து, அதில் இந்தக் கூழையும், 100 மில்லி கெட்டித் தேங்காய்ப் பாலையும், இரண்டு மேசைக் கரண்டி தேங்காய் எண்ணெயையும் சேர்த்துப் பிசைகிறேன். வீட்டில் உலர்த்தி அரைக்கும் மரச்சீனி மாவு வேறு, ஸ்டார்ச் வேறு. முன்னதில் நாரும் சேர்ந்திருப்பதால் ரொட்டி கனத்துவிடும். ஜவ்வரிசியைப் பொடித்துப் போடலாம், ஆனால் அது ஏற்கெனவே சூட்டில் பாதி வெந்தது என்பதால் கூடுதலாக நீர் குடிக்கும். கோதுமை மாவைப்போல இரண்டு முறை பொங்கவிட வேண்டியதில்லை, அச்சில் வைத்து ஒரே முறை போதும். நம் ஊர் வெப்பத்தில் 40 நிமிடத்தில் எழுந்துவிடுகிறது. ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். எடுத்ததும் வெட்டக் கூடாது, முழுக்க ஆற மூன்று மணி நேரம் ஆகும். அதற்குமுன் வெட்டினால் உள்ளே களிபோல ஒட்டும், வேகவில்லை என்று தவறாக நினைக்கத் தோன்றும். சில வகை இசப்கோலில் ரொட்டியின் உட்புறம் ஊதா கலந்த சாம்பல் நிறமாகிறது, கெட்டுப்போனதல்ல.

பழத்திலும் மறுநாள் கணக்கு உண்டு. உலர்திராட்சையை அப்படியே போட்டால் அது ரொட்டியின் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். அதனால் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துச் சேர்க்கிறேன். திராட்சையும் பேரீச்சையும் சேர்ந்து 120 கிராம் போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் மணம் அருமையாக இருக்கும். ஆனால் வாழைப்பழத்தில் நான்கில் மூன்று பங்கு நீர் என்பதை மறக்காமல், 100 கிராம் பழத்துக்கு 75 மில்லி நீரைக் குறைத்துவிட வேண்டும். மாறாமலைப் பக்கத்துக் கிராம்பு மூன்றை இடித்துப் போடுகிறேன், கிறிஸ்துமஸ் கேக்கின் வாசனை வந்துவிடுகிறது. வரிக்கைச் சக்கையை (பலாப்பழத்தை) ஒரே முறைதான் போட்டேன், நடுப்பகுதி ஈரமாகவே நின்றது; அளவைக் குறைத்து இன்னும் செய்து பார்க்கவில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அரிசி மாவைப் பொது மில்லில் அரைக்க வேண்டாம். முன்னால் கோதுமை அரைத்த கல்லில் அடுத்து விழும் அரிசியில் அந்த மாவும் கலந்துதான் வரும். நான் அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மிக்சியில் அரைத்து, இதற்கென்றே வைத்திருக்கும் சல்லடையில் சலிக்கிறேன். பேக்கிங் பவுடரிலும் கூட்டுப் பெருங்காயத்திலும்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. வெண்ணெய்க்கு மாற்றாக மார்கரின் வாங்குபவர்கள், சிலவற்றில் பால் திடப்பொருள் சேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கும்போது எனக்கு அதன் தேவை ஏற்படவில்லை.

இப்போது சனிக்கிழமை ஒரு ரொட்டி சுட்டு, ஆறியதும் பன்னிரண்டு துண்டுகளாக்குகிறேன். ஒரு துண்டில் இசப்கோல் ஒன்றரை கிராம்தான் வருகிறது என்றாலும், மகளைத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறேன். ஞாயிறு காலைக்கு நான்கை வெளியே வைத்துவிட்டு, மற்றவற்றை இடையிடையே தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கிவிடுவேன். ஐப்பசி மழையில் வெளியே வைத்தது இரண்டாம் நாளே பூஞ்சை பிடிப்பதால், அந்த மாதத்தில் இரண்டு துண்டுதான் வெளியே. பள்ளி நாள்களில் காலையில் ஒரு துண்டை எடுத்து, தோசைக்கல்லில் வைத்து, சில சொட்டு நீர் தெளித்து, மூடியிட்டு இரண்டு நிமிடம் விட்டால் சுட்ட அன்றைக்கு இருந்த மென்மை திரும்புகிறது. வட்டயப்பத்தை விட்டுவிடவில்லை, விருந்தினர் வரும் நாளில் மாமியார் அதைத்தான் அவிக்கிறார், தட்டு அன்றைக்கே காலியாகிவிடுகிறது.