காயத்துக்கு ஊசியா, வயதுக்கு ஊசியா?

போன வருடம் அம்மா எங்களோடு இருக்கப் புதுச்சேரியிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்தார். சேன்ட் ஆந்த்ரேவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை நிற்கிறது. கிரியோல் பேசும் பக்கத்து வீட்டாரும் அந்தக் கீரையை 'முரும்' என்றுதான் கேட்டு வாங்கிப் போவார்கள். அதன் அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் புறங்கையைப் பழைய வேலிக்கம்பி கீறிவிட்டது. குழாயடியில் கையை நீட்டியபடியே, "ஒரு டி.டி. போட்டுக்கிட்டு வந்துடலாம்பா" என்றார். டெட்டனஸ் தடுப்பூசியைத்தான் சொன்னார். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். "போன தடவ விழுந்தப்போ." எந்த வருடம் என்றால் நினைவில்லை. அம்மாவுக்கு 68 வயது.

நானும் அப்படி வளர்ந்தவன்தான். ஆணி குத்தினால் டி.டி., சைக்கிளிலிருந்து விழுந்தால் டி.டி. காயம் பட்ட நாள்தான் ஊசி போடும் நாள். இங்கே நடப்பது வேறு. பிரான்சின் தடுப்பூசி அட்டவணைதான் ரீயூனியனுக்கும். பெரியவர்களுக்கு 25, 45, 65 வயதில் ஒவ்வொரு ஊசி, அதற்கப்புறம் 75, 85 என்று பத்து ஆண்டுக்கு ஒன்று. காயம் பட்டாலும் படாவிட்டாலும் போட்டாக வேண்டும். 2013 வரை இங்கும் பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்றுதான் இருந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஒரு நல்லது உண்டு. நாள், தேதி பார்க்கத் தெரியாதவருக்கும் எப்படியோ ஊசி போய்ச் சேர்ந்துவிடும். அடிபட்டவர் வைத்தியரிடம் போவார், புண்ணும் ஒழுங்காகக் கழுவப்படும். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, டெட்டனஸ் பெரிய காயத்துக்காகக் காத்திருப்பதில்லை. துருப்பிடித்த இரும்பால் வருவது என்று நினைக்கிறோம். உண்மையில் கிருமியின் வித்து இருப்பது மண்ணிலும் சாணத்திலும். ரோஜா முள் குத்தியதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? அந்தச் சிறு துளை போதும். கிருமி உள்ளே நுழைந்து, பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தாடை இறுகத் தொடங்கும். ரண ஜன்னி என்று பாட்டி சொன்னது இதைத்தான். கவனிக்காத காயத்துக்கு யாரும் ஊசி போடப் போவதில்லை.

இரண்டு, அடிபட்ட பிறகு போடும் ஊசி அந்த நிமிடமே காப்பாற்றாது. முன்பே முழுசாகப் போட்டவர் உடலில் கூட எதிர்ப்பு எழச் சில நாள் ஆகும். ஒன்றுமே போடாதவருக்கு ஒரே ஊசி போதாது. அதனால்தான் காயம் ஆழமாகவோ அழுக்காகவோ இருந்து, ஊசிக் கணக்கும் சரியாக இல்லை என்றால், தயாராக உள்ள எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினையும் சேர்த்துப் போடுகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீறலுக்கெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால் அடுத்தடுத்த ஊசிகளில் தோள்பட்டை முதல் முழங்கை வரை வீங்கிப் போகலாம். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு என்பது சரியல்ல.

வயதுக் கணக்கில் இந்தக் குழப்பம் கிடையாது. 65 வயதுக்குள் இருப்பவர் கடைசி ஊசி போட்டு 20 ஆண்டு தாண்டவில்லை, 65 கடந்தவர் 10 ஆண்டு தாண்டவில்லை என்றால், புண் அழுக்காக இருந்தாலும் மறுபடி ஊசி வேண்டாம் என்பது பிரெஞ்சு விதி. இந்தியாவில் பல மருத்துவர்கள் அழுக்குக் காயத்துக்கு 5 ஆண்டு என்று பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான். இரண்டு ஊருக்கும் போய்வருகிற எங்களைப் போன்றவர்கள் எது சரி என்று வாதாடத் தேவையில்லை. கடைசித் தேதி கையில் இருந்தால் எந்த ஊர் மருத்துவரும் அவர் விதிப்படி முடிவு செய்துகொள்வார். என் ஓட்டு வயதுக் கணக்குக்குத்தான். அதில் எனக்கிருக்கும் ஒரே பயம், 20 ஆண்டு இடைவெளியில் தடுப்பூசி அட்டை தொலைந்துபோவது.

மருந்திலும் வித்தியாசம் உண்டு. நாம் டி.டி. என்று சொன்னது டெட்டனஸ் மட்டும் உள்ள மருந்து. இப்போது இந்தியாவில் அந்த இடத்துக்குத் தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்த ஊசி வந்துவிட்டது. தமிழில் எழுதினால் அதுவும் டி.டி.தான்! கேட்டு வாங்கும்போது 'தொண்டை அடைப்பானும் சேர்ந்ததா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கே போடுகிற ரெவாக்சிஸ் என்ற ஊசியில் இவற்றோடு போலியோவும் இருக்கிறது. 25 வயதில் கக்குவான் இருமலுக்கும் சேர்த்துப் போடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை வரப்போகிறது என்றால் அதை விட்டுவிடக் கூடாது.

எங்கே போடுவது என்பதில் பெரிய பேச்சில்லை. 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி பெற்ற ஃபார்மசிக்காரரே 11 வயது தாண்டியவர்களுக்கு ஊசியை எழுதிப் போடலாம். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலை நீட்டினால் 65 சதவீதம் கழிந்துவிடும், மீதியைக் கூடுதல் காப்பீடான மியூச்சுவல் பார்த்துக்கொள்ளும். தடுப்பூசி அட்டை சரியாக இருப்பவருக்கு ஃபார்மசியே வசதி. அந்த அட்டையே இல்லாதவர் மருத்துவரிடம் போவதுதான் நல்லது.

அம்மாவை அங்கேதான் அழைத்துப் போனேன். மருத்துவர் கீறலை நன்றாகக் கழுவினார், சின்னக் காயம் என்பதால் இம்யூனோகுளோபுலின் வேண்டாம் என்றார், ஒரு ஊசி போட்டார். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் ரத்தத்தில் டெட்டனஸ் எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அளவு நிறைய இருந்தால் சின்ன வயதில் போட்டதெல்லாம் உடம்பில் பதிந்திருக்கிறது என்று பொருள், அதோடு முடிந்தது. குறைவு என்றால் மூன்று ஊசிக் கணக்கு. "எங்கள மாதிரி கிழவிங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு?" என்றார் அம்மா. பிரான்சில் இன்று டெட்டனஸ் வருகிற சிலரில் பெரும்பாலோர் 70 கடந்தவர்கள், அதிலும் பெண்களே அதிகம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஆண்களுக்கு ராணுவச் சேவையில் போட்டுவிட்டார்கள், வீட்டிலும் தோட்டத்திலும் இருந்த பெண்களை அப்புறம் யாரும் கேட்கவில்லை. அம்மா அதற்கு மேல் மறுப்புச் சொல்லவில்லை.

ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக வந்தது. இரண்டு மாதம் கழித்து இரண்டாவது ஊசி போட்டாயிற்று. மூன்றாவது வரும் மாதத்தில் அம்மா புதுச்சேரி வில்லியனூரில் இருப்பார். போட வேண்டிய மாதத்தைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய அட்டை அவர் பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. அதன் படம் என் போனிலும் தங்கையின் போனிலும் இருக்கிறது.