கடல் கயாக் பேக்கேஜ் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னைக்குத் தெற்கே ஈசிஆர் பக்கம் கயாக்கில் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) போய்த் தூண்டில் போட ஆசைப்படும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். "கடல் மீன்பிடி ஸ்டார்ட்டர் பேக்கேஜ்" என்று சொல்லி, ஏரியில் ஓட்டும் படகைத் தலையில் கட்டுகிறார்கள். எனக்குக் கட்டினார்கள். 72,000 ரூபாய் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நானும் என் மச்சானும் கரையை விட்டு அடித்துச் செல்லப்பட்டு, வலை இழுத்துவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் போட் பார்த்ததால்தான் உயிரோடு வந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன். அதே வேலையை வேறு கடை செய்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் கடைக்குப் போனது மீன்பிடித் தடைக்காலத்தில். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. துடுப்புப் படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. இதையே வியாபாரப் பேச்சாக வைத்திருந்தார் கடைக்காரர். "பெரிய போட் ஒண்ணும் வராது சார். மீனு பூரா கரைக்கிட்டயே நிக்கும். இந்த சீசனை விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ராட் ஹோல்டர் (தூண்டில் கம்பைச் செருகும் குழாய்), கடலில் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே விலை. முழுப் பணமும் முன்கூட்டியே. கரையிலிருந்து ராட் வீசிக் கொடுவாவும் பாறை மீனும் பிடித்துப் பழகியவன் நான். கரையிலிருந்து எட்டாத வஞ்சிரமும் சீலாவும் கிடைக்கும் என்றால் ஆசை வராதா? பணம் வாங்கியபின் "கன்டெய்னர் வரல", "போர்ட்ல நிக்குது" என்று இழுத்தடித்தார். படகு கைக்கு வந்தபோது தடைக்காலம் முடிந்து, தென்மேற்குப் பருவக்காற்று நன்றாகப் பிடித்துவிட்டது.

படகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏமாற்று வேலை இருந்ததே அதில்தான்.

கடலில் தூண்டில் போடத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் கயாக். படகின் உடல் முழுக்க மூடிய கூடு. அலை மேலே ஏறினால் தளத்திலுள்ள துளைகள் வழியாகத் தண்ணீர் கீழே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், நிமிர்த்தி மேலே ஏறிக்கொள்ளலாம். இவ்வளவும் உண்மையாக இருக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அந்தக் கூட்டுக்குள் தண்ணீர் போகக் கூடாது. எனக்கு வந்தது ஏரியில் குடும்பத்தோடு ஓட்டும் குட்டையான சாதாரண மாடல். சிட்-ஆன்-டாப் என்பது மட்டும் உண்மை. அதைக் "ஃபிஷிங் கயாக்" ஆக்குவதற்காகக் கடையிலேயே சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை போட்டு, ராட் ஹோல்டர் குழாய்களைச் செருகித் திருகியிருந்தார்கள். அந்தக் குழாய்களின் அடிப்பக்கம் திறந்தே இருந்தது. அலைத் தண்ணீர் குழாய்க்குள் விழுந்தால் நேரே கூட்டுக்குள்தான் போகும். திருகாணிகளைச் சுற்றி சீலன்ட் ஒரு சொட்டு இல்லை. முன்பக்க மூடி டிபன் பாக்ஸ் மூடிபோல் சும்மா அமுங்கி உட்கார்ந்திருந்தது. ரப்பர் வளையமே கிடையாது.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. வீட்டில் அறையை இருட்டாக்கி, படகின் வயிற்றுக்குள் மொபைல் டார்ச்சை எரியவிட்டு மூடியைச் சாத்தினேன். ஹோல்டரைச் சுற்றி ஆறு இடங்களில் வெளிச்சம் ஊசி ஊசியாக வெளியே வந்தது. ஓட்டை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல்கூட உள்ளேயே கிடந்தது. புதுப் படகோ பழைய படகோ, வாங்கும் முன் இந்த டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். விடமாட்டேன் என்று சொல்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

"கடல் பயிற்சி" என்பது கழிமுகத்தின் அசையாத தண்ணீரில் ஒரு மணி நேரம்கூட இல்லாத துடுப்புப் பாடம். நேராகப் போவது, திரும்புவது, அவ்வளவுதான். கவிழ்ந்தால் எப்படி ஏறுவது என்று கேட்டேன். "இது கவிழாது சார், நூத்தம்பது கிலோ தாங்கும்" என்றார் பயிற்சி கொடுத்த பையன். எத்தனை கிலோ தாங்கும் என்பது கவிழாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. எந்தக் கயாக்கும் கவிழும். பிறகு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். "சொந்தப் பொறுப்பில் செல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம்.

அன்று காலை கடைக்காரரே கரைக்கு வந்திருந்தார். எனக்கு என் படகு. மச்சானுக்குக் கடையின் வாடகைப் படகு. கரையோரம் தண்ணீர் துளி அசைவில்லாமல் இருந்தது. முதுகுப் பக்கமிருந்து காற்று லேசாக வீசியது. "இதைவிட நல்ல நாள் கிடைக்காது, தைரியமா போங்க" என்றார்.

இந்த இடத்தைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நம் கடற்கரையில் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காலை நேரக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். தரையை விட்டு அப்போதுதான் இறங்கிய காற்றுக்கு அலை எழுப்பத் தூரம் போதாது. அதனால் கரையோரத் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். உள்ளே போகப் போக அதே காற்றுக்கு ஓட இடம் கிடைத்து, குட்டி அலைகள் நெருக்கமாக எழும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் துடுப்பு இலேசாக இருக்கும். நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். திரும்பினால்தான் முகத்தில் அடிக்கும். துடுப்பை ஒரு நிமிடம் நிறுத்தினால் படகு கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். கடற்காற்று வந்து கரைக்குத் தள்ளும் என்று காத்திருக்கவும் முடியாது. அந்த மாதங்களில் அது மதியத்துக்கு மேல்தான் வரும், சில நாள் தாமதமாக வரும். கடலோரத்தில் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தே அனுப்பினார் என்றுதான் நான் சொல்வேன். அன்று அனுப்பாவிட்டால் நான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

கரைக் கட்டடங்கள் சிறிதாகத் தெரிய ஆரம்பித்தபோது என் படகு பின்பக்கம் தாழ்ந்து, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. கூட்டுக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே போதும். படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முழுத் தண்ணீரும் ஓடிச் சாய்வை அதிகப்படுத்தும். பக்கவாட்டில் ஒரு சிறிய அலை வந்தது, கவிழ்ந்துவிட்டது. லைஃப் ஜாக்கெட் காதுவரை ஏறி முகத்தை மூடியது; என் அளவு இல்லை, வார்களும் இழுக்க இழுக்க நழுவின. துடுப்பைப் படகோடு இணைக்கும் கயிறு தரவே இல்லை, துடுப்பு போய்விட்டது. விசில் இல்லை. மொபைல் வாட்டர்ப்ரூஃப் பையில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் கவிழ்ந்த படகின் மூடிக்குள். மச்சான் தன் படகால் என்னை ஒட்டி நின்று, என் படகின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டார். இரண்டு படகும் சேர்ந்து கிழக்கே போயின.

ஃபைபர் போட்டில் எங்களை ஏற்றியவர்களில் மூத்தவர், கரை வந்து சேரும்வரை எதுவும் கேட்கவில்லை. கரையில் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கரைக்காத்து அடிக்கும்போது ஓரத்துல தண்ணி அடங்கித்தான் இருக்கும் தம்பி. உள்ள போனாத்தான் தெரியும். துடுப்ப மட்டும் நம்பி வர்றவன் இந்தக் காத்துல எறங்கவே கூடாது. உங்கள எறக்கிவுட்டவன் எவன்?" டீசல் காசுகூட வாங்கவில்லை. அந்தக் குப்பத்துக்காரர்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

இனி, பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை. லைஃப் ஜாக்கெட்டைக் கடையிலேயே போட்டு, வார்களை இறுக்கி, கூட வந்தவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். மோவாய்க்கு மேல் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. உட்புற லேபிளில் எத்தனை நியூட்டன் மிதப்பு, எத்தனை கிலோ எடைக்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 50 நியூட்டன் என்பது நீந்தத் தெரிந்து, பக்கத்தில் உதவி இருப்பவர்களுக்கு. நீச்சல் தெரியாதவரை அதைப் போட்டுக் கடலுக்கு அனுப்புவது அநியாயம். லேபிளே இல்லாத ஜாக்கெட்டை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிடுங்கள். படகின் தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். உங்கள் எடை, ராட், ஐஸ் பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

பயிற்சி என்றால் முதல் பாடமே கவிழ்ந்து ஏறுவதாக இருக்க வேண்டும். இப்போது நான் வேறு ஒருவரிடம் முறையாகக் கற்றுக்கொண்டேன். கவிழ்ந்த படகின் அடியில் கை நீட்டி எதிர் விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். பிறகு சீட் பக்கத்தில் நின்று, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, வயிறு தளத்தில் படும்படி பாய வேண்டும். அதன்பின் மல்லாந்து, கடைசியாகக் கால்களை உள்ளே கொண்டுவர வேண்டும். கையால் தொங்கி ஏற முயன்றால் படகு மறுபடி உங்கள் மேலேயே கவிழும். மூச்சு வாங்கும்போதும் இதைச் செய்ய வரும்வரை கரையோரத்தைத் தாண்ட வேண்டாம். விசில், கத்தி, மொபைல் மூன்றும் உடம்பில் இருக்கட்டும், படகில் அல்ல. கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் 1093. இரண்டையும் மொபைலில் சேமித்து வையுங்கள். படகில் ஒரு கம்பு நட்டு ஆரஞ்சுக் கொடி கட்டுங்கள். தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருக்கும் கயாக், வேகமாக வரும் ஃபைபர் போட்காரர் கண்ணுக்குக் கடைசி நேரம்வரை படாது.

முதல் முறை இறங்க ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலைகள் நல்லவை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக் கடல், புயல் சின்னம். புதியவர்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். மத்திய அரசின் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) தரும் அலை எச்சரிக்கையைக் காற்றில்லாத நாளிலும் பாருங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரை வாங்கிக்கொண்டது தூரக்கடலிலிருந்து வந்த கள்ளக்கடல் அலை. எல்லாவற்றுக்கும் மேல், இறங்கும் ஊரின் குப்பத்தில் முந்தின நாளே போய்க் கேளுங்கள். காற்று எப்படி, நீரோட்டம் எந்தப் பக்கம், வலை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும். தெர்மாகோல் மிதவையும் கறுப்புக் கொடியும் தெரிந்தால் விலகிப் போங்கள். அது அவர்கள் சோறு. கெளுத்தியோ திருக்கையோ சிக்கினால் ஆட்டம் காணும் படகில் வைத்து தூண்டில் முள்ளை எடுக்க முயலாமல் தூண்டில் நரம்பை அறுத்து விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் அந்தத் தாளைத்தான் காட்டினார். கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நம்பிப் பேசாமல் போய்விடுகிறார்கள். நான் விடவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். அவர்கள் பேசியும் அவர் இறங்கி வரவில்லை. வக்கீல் நோட்டீசுக்குப் பின் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுத்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆன்லைனிலேயே கொடுக்கலாம். பில்லில் வெறும் "கயாக் 1" என்றுதான் இருக்கிறது. எனவே வாங்கும்போதே பில்லில் மாடல் பெயர், "கடல் மீன்பிடிக்கு", பயிற்சியில் என்னென்ன என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் வாட்ஸ்அப்பிலாவது கேட்டுப் பதிலை வாங்குங்கள். "கடலுக்கு நூறு சதவீதம் செட் ஆகும் சார், நான் கேரண்டி" என்று அவர் எனக்கு அனுப்பிய செய்தியும் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த வீடியோவும்தான் இப்போது ஆணையத்தின் முன் என் சாட்சிகள். அதே மாதிரி ராட் ஹோல்டர் போட்ட படகு உங்களிடம் இருந்தால், அடுத்த முறை கடலில் இறக்கும் முன் குழாயின் அடியைப் பாருங்கள்.