பிபிஏ-வா பி.காமா? பிபிஏ படிச்ச தாய்மாமன் சொல்றேன்

அக்கா மகன் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடிச்சான், 600க்கு 468. ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலமே உசிலம்பட்டில இருந்து அக்கா போனப் போட்டு "தம்பி, நீ படிச்சதையே இவனுக்கும் வாங்கிக் குடுத்துருடா"ன்னுச்சு. நான் படிச்சது பிபிஏ, அதாவது பிசினஸ் நிர்வாகப் படிப்பு, 2012ல முடிச்சேன், அப்பறம் எம்பிஏ, இப்ப ஒரு பைனான்ஸ் கம்பெனில இருக்கேன். அக்காவப் பொறுத்தவரைக்கும் இதெல்லாம் "தம்பி ஏசில ஒக்காந்து வேல பாக்குறான்"ங்கிற ஒரே கணக்குதான். தாய்மாமன்ங்கிற முறைல ஃபீசும் என் தலைலன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, சரி காசு போடுறவன் வாயத் தொறக்கலாம்லன்னு நானும் தொறந்தேன்: பிபிஏ வேணாம்க்கா, பி.காம்ல போடுவோம். படிச்சவனே வேணாங்குறானேன்னு வீட்ல ஒரு வாரம் பஞ்சாயத்து. அங்க பேசுனதத்தான் இங்க எழுதுறேன், இதே கொழப்பத்துல நெறைய பேரு இருப்பீங்க.

ரெண்டுக்கும் பொதுவா இருக்குறத வேகமா தாண்டிருவோம். ரெண்டுமே மூணு வருஷம், ஆறு செமஸ்டர். பேங்க் எக்ஸாம், டிஎன்பிஎஸ்சி குரூப் 2ன்னு "ஏதாவது ஒரு டிகிரி" கேக்குற எடத்துல ரெண்டும் ஒண்ணுதான். பய ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூலு, அதனால அரசோட தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூவா எதுல சேந்தாலும் வந்துரும். ஃபீஸ்ல மட்டும் ஒரு வித்தியாசம்: மதுரைல பழைய எய்டட் (அரசு உதவி பெறுற) காலேஜ்கள்ல பி.காம் எய்டட் சீட்டாவே கெடைக்கும், மார்க் இருந்தா. பிபிஏ பெரும்பாலும் செல்ஃப் பைனான்ஸ் பக்கம்தான். மார்க் இருக்குற பயலுக்கு இதுவே ஒரு காரணம், ஆனா என் காரணம் அது இல்ல.

என் காரணம் 2012ல பைபாஸ் ரோட்டுல ஒரு வண்டி லோன் கம்பெனி இன்டர்வியூல நடந்தது. ஒரே டேபிள்ல ரெண்டு பேரு ஒக்காந்திருந்தோம், நான் பிபிஏ, பக்கத்துல இருந்தவன் பி.காம். மேனேஜர் ஒரு லாரி ஓனரோட லாப நட்டக் கணக்க எங்க முன்னாடி தள்ளிவிட்டு "இவரு 8 லட்சம் கேக்குறாரு, குடுக்கலாமா?"ன்னாரு. நான் நேரா கடைசி வரிக்குப் போனேன், நிகர லாபம் 1,10,000. "லாபம் கம்மியா இருக்கு சார், குடுத்தா கட்ட மாட்டாரு"ன்னு கெத்தா சொல்லிட்டேன். பக்கத்துல இருந்தவன் ஒண்ணும் பேசாம வெரல ரெண்டு வரி மேல வச்சான்: தேய்மானம் 3,40,000. அதாவது டிப்ரிசியேஷன். அது புக்குல எழுதுற செலவு, அந்தக் காசு அவரு பையில இருந்து வெளிய போகவே இல்ல. வாடகைக்கு ஓடுற லாரிக்கு இன்கம் டாக்ஸ்ல வருஷம் 30 சதவீதம் தேய்மானம் கழிச்சுக்கலாம், அதனாலதான் லாபம் அம்புட்டு சின்னதா தெரியுது. ரெண்டையும் கூட்டுனா அவரு கைக்கு வந்தது நாலரை லட்சம். 8 லட்சத்துக்கு வருஷ ட்யூ ரெண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல வரும், தாராளமா கட்டுவாரு. பய இத சொல்லி முடிக்க அர நிமிஷம் ஆயிருக்கும்.

அம்புட்டு நேரமும் எனக்கு மண்டைல ஓடுனது ஹென்றி ஃபயோலோட 14 மேனேஜ்மென்ட் கொள்கை. அது தல கீழா தெரியும், இப்பக் கேட்டாலும் சொல்லுவேன். கேக்கத்தான் ஆள் இல்ல.

ரெண்டு பேரையுமே எடுத்தாங்க. அவன யாருக்கு லோன் குடுக்கலாம்னு பாக்குற கிரெடிட்ல ஒக்கார வச்சாங்க, என்னைய கலெக்‌ஷனுக்கு அனுப்புனாங்க. ரெண்டு வருஷம் மேலூர், திருமங்கலம், கள்ளிக்குடின்னு வெயில்ல பைக்குல சுத்தி ட்யூ வசூல் பண்ணேன். ஊர் ஊரா வாசல்ல நின்னு கத்துக்கிட்டதும் ஒரு படிப்புதான், இல்லங்கல, ஆனா அதுக்கு டிகிரி எதுக்கு.

பிபிஏ-ல அக்கவுண்ட்சே இல்லையான்னா இருக்கு. பைனான்சியல் அக்கவுண்டிங் ஒரு பேப்பர், காஸ்ட் இல்லன்னா மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் ஒரு பேப்பர், அதோட பெரும்பாலும் சரி. மிச்சம் பூரா ஆர்கனைசேஷனல் பிஹேவியர், மார்க்கெட்டிங், எச்ஆர், புரொடக்‌ஷன், பிசினஸ் லா, கடைசில ஒரு புராஜெக்ட். எல்லாத்துலயும் கால நனைக்கலாம், எதுலயும் முங்க முடியாது. பி.காம்ல கார்ப்பரேட் அக்கவுண்டிங், இன்கம் டாக்ஸ், ஆடிட்டிங், காஸ்ட்டிங், ஜிஎஸ்டின்னு ஒரே கெணத்த தோண்டிக்கிட்டே போவாங்க. படிக்கிறப்ப போரடிக்கும், அதையும் சொல்லிறணும், என் ஃப்ரெண்டு ஒருத்தன் கார்ப்பரேட் அக்கவுண்ட்ஸ மூணு தடவ எழுதுனான்.

இப்ப மெயின் விசயம். வண்டி வாங்குறப்ப ரீசேல் பாக்குறோம்ல, அது மாதிரி டிகிரிக்கும் பாக்கணும், மூணு வருஷம் கழிச்சு இந்த பேப்பர எதுக்கெல்லாம் மாத்திக்கலாம்னு. இதுல பி.காம் எங்கயோ போயிருது. மொதல்ல சி.ஏ, அதாவது ஆடிட்டர் படிப்பு. காமர்ஸ் டிகிரில 55 சதவீதம் எடுத்தா ஃபவுண்டேஷன் எக்ஸாம் எழுதாம நேரா இன்டர்மீடியட்டுக்குப் போகலாம், மத்த டிகிரிக்காரங்கன்னா 60 கேப்பாங்க. சரி பிபிஏல கேக்குற மார்க்க எடுத்துட்டே போறோம்னு வைங்க, இன்டர்ல மொத பேப்பரே அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், பிபிஏல படிச்ச ஒண்ணு ரெண்டு பேப்பர வச்சுக்கிட்டு அந்த புக்கத் தொறந்தா கண்ணக் கட்டிரும். எங்க பய சி.ஏ முடிப்பானான்னு கேட்டா சத்தியமா தெரியாது, முக்காவாசிப் பேரு முடிக்கிறதில்ல. ஆனா பாதில நின்னாலும் அந்தப் பாதிக்கு இந்த ஊர்ல வெல இருக்கு பாருங்க, அதான் பாயிண்ட். சிம்மக்கல், மேலமாசி வீதி பக்கம் ஆடிட்டர் ஆபீசுல போயி நின்னு கணக்கு சாஃப்ட்வேர் டேலி தெரியும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடத் தெரியும்னு சொன்னா ஒக்காரச் சொல்லுவாங்க. 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 3பி-ன்னு மாசா மாசம் வந்துக்கிட்டே இருக்குற வேல அது, கீழமாசி வீதில பலசரக்கு மொத்தக் கட வச்சிருக்குறவருக்கும் வேணும், விளக்குத்தூண் ஜவுளிக் கடைக்கும் வேணும். மார்க்கெட் டல்லா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டுத்தான ஆகணும்.

அடுத்து எம்பிஏ. "பின்னாடி எம்பிஏ பண்ணப் போறான், அதனால பிபிஏ"ன்னு நெறைய பேரு சேக்குறாங்க, எங்கப்பாவும் அப்பிடித்தான் சேத்தாரு. ஆனா எம்பிஏ நுழைவுத் தேர்வு டான்செட்டுக்கும் சரி, ஐஐஎம் நடத்துற கேட்டுக்கும் (CAT) சரி ஏதோ ஒரு டிகிரில 50 சதவீதம் இருந்தா போதும், பிபிஏக்கு தனி மரியாத ஒண்ணும் கெடையாது. எம்பிஏல எனக்கு இந்தப் பக்கம் மெக்கானிக்கல் இஞ்சினியரிங், அந்தப் பக்கம் பி.காம். மொத செமஸ்டர் எனக்கு ராஜ வாழ்க்க, மறுபடி அதே ஃபயோல், அதே மாஸ்லோ முக்கோணம், புக்கத் தொடாமலே மார்க்கு. ரெண்டாவது செமஸ்டர்ல பைனான்சியல் மேனேஜ்மென்ட் வந்துச்சு. பி.காம்காரன் கொட்டாவி விட்டுக்கிட்டே போட்டான், இஞ்சினியரிங்காரன் கணக்குதானேன்னு ஒரு மாசத்துல புடிச்சுட்டான், நான் ட்யூஷன் போனேன். அதாவது பிபிஏவோட எம்பிஏவ சேத்தா ஒரே படத்துக்கு ரெண்டு தடவ டிக்கெட் எடுத்த மாதிரி.

வாத்தியார் வேல ஆச இருந்தா இன்னும் கவனம். ஸ்கூல்ல காமர்ஸ் டீச்சராகணும்னா பி.காம், எம்.காம், பி.எட்னு ஒரே நூல்ல போகணும். பிபிஏ முடிச்சுட்டு எம்.காம் போயிட்டு வாத்தியார எடுக்குற டிஆர்பில நின்னா கிராஸ் மேஜர், அதாவது டிகிரிக்கு டிகிரி பாடம் மாறிருச்சுன்னு சொல்லி பிரச்சின பண்ணுவாங்க. பிபிஏக்காரனுக்கு இருக்குற வழி எம்பிஏ முடிச்சு மேனேஜ்மென்ட்ல யுஜிசி நெட் எக்ஸாம் எழுதி காலேஜ் பக்கம் போறது, அது நீளமான ரூட்டு.

நடுவுல பி.காம் சி.ஏன்னு ஒண்ணு இருக்கு. இந்த சி.ஏ கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், ஆடிட்டர் சி.ஏ இல்ல. சிரிக்காதீங்க, அட்மிஷன் க்யூல எனக்கு முன்னாடி நின்ன திருமங்கலத்துக்காரரு "மூணு வருஷத்துல ஆடிட்டராயிருவான்ல?"ன்னு என்கிட்டயே கேட்டாரு, நான் சொன்னதும் மனுசன் மொகமே மாறிப்போச்சு. கோர்ஸ் மோசமில்ல, ஆனா கம்ப்யூட்டர் பேப்பருக்கு எடம் விட்டு சில அக்கவுண்ட்ஸ், சட்டப் பேப்பர் வெளிய போயிருது. வெறும் பி.காம் கெடச்சா அதுதான் என் ஓட்டு, டேலிய மூணு மாசத்துல வெளிய கத்துக்கலாம்.

தபால்ல பிபிஏ போட்டுட்டு கடைல ஒக்காரலாமான்னு மச்சான் கேட்டாரு. அரசு தர்ற அந்த 1,000 ரூவா ரெகுலர்ல படிக்கிறவங்களுக்குத்தான்னு ஒரே வார்த்தைல முடிச்சேன். ஐஐஎம்லயே ப்ளஸ் டூ முடிச்சதும் அஞ்சு வருஷ கோர்ஸ் இருக்கு, ஐபிஎம்னு சொல்றாங்க, இந்தூர்ல 2011லயே ஆரம்பிச்சது. அதுக்குத் தனி எக்ஸாம், ஃபீஸ் லட்சக்கணக்குல, எங்க வட்டாரத்துல போனவங்க யாரும் இல்ல, அதனால தெரிஞ்ச மாதிரி பேச விரும்பல.

பிபிஏவ அம்புட்டு திட்டியாச்சு, அதுக்கும் நாயம் சொல்லணும். ப்ளஸ் டூல சயின்ஸ் குரூப்போ தொழிற்கல்வியோ படிச்சுட்டு அக்கவுண்டன்சியே பாக்காத புள்ளைங்கள பி.காம்ல பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் தெணறும், அவங்களுக்கு பிபிஏதான் கதவு. குடும்பத்துல ஏற்கெனவே ஓடுற யாவாரம் இருக்கு, கணக்குப் பாக்க ஆள் இருக்கு, பய ஆள் புடிக்க மார்க்கெட் புடிக்க கத்துக்கிட்டா போதும்னா தாராளமா போடலாம். எனக்கே அதுல கெடச்சது ஒண்ணு இருக்கு: வாரா வாரம் செமினார், மேடையேறி இங்கிலீஷ்ல பேசணும். ஆனையூர்ல இருந்து டவுன்பஸ்ல போன பயலுக்கு மைக்கு கண்டு நடுங்குறது நின்னது அங்கதான். இப்ப ரிவியூ மீட்டிங்ல ஏரியா மேனேஜர் முன்னாடி பேசுறேன்னா அதுக்கு அந்த மூணு வருஷம்தான் காரணம், கிரெடிட்ல ஒக்காந்த என் ஃப்ரெண்டுக்கு இன்னைக்கு வரைக்கும் அது வராது. புள்ள வாய் பேசாதுன்னு கவலப்படுற வீட்டுக்கு இது சின்ன விசயம் இல்ல. பொம்பளப் புள்ளைங்க காலேஜ்கள்ல ரெண்டு கோர்சும் எப்பிடி நடக்குதுன்னு எனக்கு நேரடி அனுபவம் கெடையாது, அங்க படிச்சவங்க கமெண்ட்ல சொன்னா நல்லாருக்கும். பிபிஏதான்னு முடிவு பண்ணா ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, 2024-25ல இருந்து பிபிஏ, பிசிஏ எல்லாம் ஏஐசிடிஇ-ங்கிற தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துருச்சு, சேர்ற காலேஜுக்கு அந்த அப்ரூவல் இருக்கான்னு கேட்டுட்டு பணத்தக் கட்டுங்க.

பய பி.காம்ல சேந்துட்டான், எய்டட் சீட்டு, காலைல உசிலம்பட்டில பஸ் ஏறி ஆரப்பாளையத்துல எறங்கி போறான். அக்கா பூ யாவாரம் பண்ணுது, மொத செமஸ்டர்லயே அதுக்கு ஒரு நோட்டு போட்டு கணக்கு எழுத ஆரம்பிச்சுட்டானாம். போன ஞாயித்துக்கெழம போயிருந்தப்ப எடுத்துக் காட்டுனான், கொள்முதல், நார் செலவு, பஸ் செலவு, எல்லாம் அழகா கோடு போட்டு. கடைசிப் பக்கத்துல சன்ட்ரி டெட்டார்ஸ்னு ஒரு தலைப்பு, வரவேண்டிய பாக்கின்னு அர்த்தம். அதுல ஒரே ஒரு பேரு. "மாமா, காதுகுத்துக்கு எடுத்த மல்லி, 2,400." நான் ஜிபேல போட்டுட்டு வந்தேன்.