நிலவாகைக்கு யூவியா, புளோரசன்ஸா?

திருநெல்வேலிச் சீமையில் விளைகிற நிலவாகைக்கு உலக வியாபாரத்தில் 'டின்னவெல்லி சென்னா' என்றே பேர். ஏற்றுமதிக்கு முன் அந்த இலையில் ஆய்வகம் பார்ப்பவற்றில் இரண்டு முக்கியம். பேதிக்கு வேலை செய்யும் சென்னோசைடு எவ்வளவு? பூஞ்சை விட்டுப்போன நஞ்சான அஃப்ளாடாக்சின் எவ்வளவு? முதலாவது கிலோவுக்கு இருபது, இருபத்தைந்து கிராம் இருக்கும். இரண்டாவதில் பி1 வகைக்கு ஐரோப்பிய மருந்துநூல் விடும் வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். கோடி மடங்கு வித்தியாசம்! இரண்டுக்கும் எச்பிஎல்சிதான் (கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி), கடைசியில் உட்கார்ந்து அவற்றை அளக்கும் டிடெக்டர்தான் வேறு.

யூவி டிடெக்டர், செல்லுக்குள் (கரைசல் ஓடும் சின்ன அறை) போன புற ஊதா ஒளி வெளியே வரும்போது எவ்வளவு குறைந்தது என்று பார்க்கிறது. புளோரசன்ஸ் டிடெக்டரில் செனான் விளக்கின் ஒளியிலிருந்து 365 நானோமீட்டர் அலைநீளத்தை மட்டும் பிரித்து அனுப்புவோம். அஃப்ளாடாக்சின் அதை விழுங்கி, கொஞ்சத்தை வெப்பமாக இழந்து, மிச்சத்தை 440 பக்கம் நீல ஒளியாக விடும். விளக்கொளி நேராக விழாதபடி, ஒளிபெருக்கிக் குழாய் செங்குத்துப் பக்கத்தில் இருந்து அதைப் பிடிக்கும்.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக் கூட்டத்தில் பத்துப் பேர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதே வீதியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தர் நடந்தாலும் தெரியும். யூவி பார்ப்பது தேர்க்கூட்டத்தை. புளோரசன்ஸ் பார்ப்பது ராத்திரி வீதியை. அதனால்தான் பொருளைப் பொறுத்து பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை நுட்பம் கூடுகிறது.

ஆனால் எல்லாம் ஒளிராது. ஒளிராததை இது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அஃப்ளாடாக்சினிலேயே பி1, ஜி1 இரண்டும் தண்ணீர் கலந்த கரைப்பானில் மங்கிவிடும். பொருள்களைப் பிரிக்கும் குழாய்க்குப் (column) பின்னால் 254 நானோமீட்டர் விளக்கைச் சுற்றிய குழாய்ச்சுருளிலோ புரோமின் வினையிலோ அவற்றைத் தட்டி எழுப்ப வேண்டும். (பி, ஜி என்ற எழுத்துகளே யூவி விளக்கடியில் தெரியும் நீலத்துக்கும் பச்சைக்கும் ஆங்கிலத்தில் உள்ள முதலெழுத்துகள்தான்.)

அப்புறம் வெக்கை. ஒரு சித்திரை மதியம் எங்கள் ஏசி நின்றுபோனது. காலையில் ஓட்டிய அதே ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசல்) மறுபடி ஓட்டினால் பீக் (வரைபடத்தில் வரும் முகடு) குட்டையாக வருகிறது. கரைசலை ஏற்றும் ஊசியைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் வீண். காரணம் சூடு. மூலக்கூறுகள் அதிகம் மோதிக்கொண்டால் ஒளி விடாமலே ஆற்றலைத் தொலைத்துவிடும். பல பொருள்களில் ஒரு டிகிரிக்கு ஒன்றிரண்டு சதவீதம் போகும். கரைந்திருக்கும் ஆக்சிஜனும் சிலவற்றின் ஒளியைத் தின்னும். யூவி இந்த விஷயத்தில் சாது. சரக்கு அடர்த்தியாக இருந்தாலும் புளோரசன்ஸ் ஏமாற்றும்: கரைசலே ஒளியை விழுங்கிக்கொள்ள, கூடக்கூடக் குறைவாகக் காட்டும்.

புதிதாக ஆய்வகம் போடுகிறவர் கேட்டால் முதலில் யூவி வாங்கச் சொல்வேன். சென்னோசைடுக்கு அதுவே தாராளம், விலையும் குறைவு. நிலவாகையோ மிளகாய் வற்றலோ ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால் மட்டும் அடுத்ததையும் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே குழாயில் மாட்டினால் யூவி முன்னால், புளோரசன்ஸ் கடைசியில்; அதன் செல் அழுத்தம் தாங்காது.