தீபாவளிச் சீரோடு குன்னூர் ஏற மலை ரயிலா, பஸ்ஸா?

எங்கள் பக்கத்தில் மலை என்றால் குன்றக்குடி. அதை விட்டால் கண்மாய்க் கரைதான் மேடு. அப்படிப்பட்ட காரைக்குடிச் சீமையிலிருந்து தங்கச்சியைக் குன்னூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷமாக ஐப்பசி தவறாமல் சீர்த் தூக்குகளோடு மலையேறுகிறேன். மேட்டுப்பாளையம் வந்துவிட்டால் இரண்டு வழி. ஒன்று பல்சக்கர ரயில், இன்னொன்று பர்லியார் வழியாகப் போகிற பஸ். ஒரு தடவை ரயிலில் போனேன், நாலு தடவை பஸ்ஸில். தீபாவளிக்கு நான் பஸ் கட்சி.

அழகில் ரயிலோடு போட்டி போட எதுவும் இல்லை. பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் இரட்டைப் பல்சட்டம் ஓடுகிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பிடித்து ஏறும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம், ஆக எந்த நேரமும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதில் சில எஞ்சின்கள் நம்ம திருச்சிப் பொன்மலையில் செய்தவை என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. குன்னூர் வரை 1899இல் வந்த பாதை, 1908இல் ஊட்டியைத் தொட்டது.

நேரத்தில் பஸ்தான். ரயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், பஸ்ஸுக்கு அதில் பாதி போதும். ரயிலைப் பிடிக்கக் காலை ஏழு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். பஸ் ஒன்று போனால் அடுத்தது.

என்னை பஸ் பக்கம் தள்ளியது இதெல்லாம் இல்லை. மண் சரிந்தால் மறுநாள் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரியில் மண் சரியாத வருஷம் அபூர்வம். போன தடவை பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. மேலேயிருந்து செம்மண்ணும் ஒரு சில்வர் ஓக் மரமும் ரோட்டில் கிடந்தன. எனக்கு முன்னால் முட்டைக்கோஸ் வண்டி, பின்னால் கேஸ் சிலிண்டர் லாரி. ஜேசிபி வந்து மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி, ஒரு ஓரமாக வழி விட இரண்டு மணி நேரம் ஆனது. சகதிதான், ஆனாலும் வண்டி போனது.

ரயில் பாதையில் அந்த அரைகுறை வழி செல்லாது. மண்ணை அள்ளினால் மட்டும் போதாது. ஜல்லி, கட்டை, பல்சட்டம் எல்லாம் அளவு பிசகாமல் உட்கார்ந்த பிறகுதான் வண்டி விட முடியும். ஆட்களும் சாமானும் பெரும்பாலும் அதே ஒற்றைப் பாதையில்தான் போய்ச் சேர வேண்டும். ஹில்குரோவ், ரன்னிமேடு என்று ஸ்டேஷன்கள் உண்டு, சுற்றி இருப்பது காடு. அங்கே யாருக்கும் அந்த ரயிலில்தான் பால் போக வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ரோட்டுக்கு அந்த நெருக்கடி தினமும் உண்டு. 2009 நவம்பர் மழையில் ரோடும் தப்பவில்லைதான், ஆனால் ரயில் திரும்ப ஓட மாதக்கணக்காயிற்று. குன்னூர் ரோடு அடைத்தால் கோத்தகிரி ரோடு இருக்கிறது. ரயிலுக்கு அப்படி இன்னொன்று கிடையாது.

மூணாறில் இந்தக் கதை முடிந்தே போனது. 1902இல் அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி, 1908இல் நீராவி ரயில் ஆனது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன அந்த ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. இன்று மூணாறுக்கு ரோடுதான்.

கயிற்றுப் பாதை பற்றி எனக்குப் பழனி அனுபவம் மட்டும்தான். தைப்பூசத்துக்கு நடந்தே போகிற ஊர்க்காரன், கால் வீங்கிய பிறகு ரோப் காரைத்தான் தேடுவேன். மாதம் ஒரு நாள், வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேல் பராமரிப்புக்கு நிறுத்திவிடுவார்கள். காற்று பலமாக அடித்தாலும் ஓடாது. அங்கே வின்ச்சும் படியும் இருப்பதால் பிழைத்தோம். சொந்தக் காரில் நான் மலையேறியதில்லை. 2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர்க் காருக்கு இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸுக்கு வேண்டாம் என்ற அளவில் தெரியும்.

பஸ்ஸிலும் குறை இருக்கிறது. பதினாலு வளைவுக்குள் வயிற்றைப் புரட்டும். எங்கள் ஊர்ப் பலகாரமான மனகோலம் வைத்த தூக்கைத் தங்கச்சி திறந்தபோது பாதி பொடியாகக் கிடந்தது. "அண்ணே, இது சீரா, பொரிகடலை மாவா?" என்றாள். மாப்பிள்ளை மட்டும் அதையும் கரண்டி போட்டுச் சாப்பிட்டார்.

தையில் மழை ஓய்ந்திருக்கும். பொங்கல் சீருக்கு ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று.